கோட்டுக்கு வெளியே: ஆடுகிறவன் வாய் திறக்கலாமா?

(தருமபுரி மாவட்டத்தில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: வாத்தியார் அய்யாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் கபடி டீமில் ஏழு வருடமாக ரைடர். வேலை ஓசூரில், ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட். தை மாதம் நடந்த மின்னொளி கபடிப் போட்டியில் அரையிறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசி ரைடில் நான் போனஸ் கோட்டைத் தொட்டேன், நடுவர் தரவில்லை. அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் லைவ் போய் நடுவர் காசு வாங்கிவிட்டார் என்று சொன்னேன். எதிரணி ஊர்ப் பையன்கள் கமென்டில் வந்து பேச, நானும் பேச, விஷயம் பெரிதாகிவிட்டது. மறுநாள் எங்கள் கமிட்டி கூடி, ‘வீடியோவை எடு, இனிமேல் டீம் விஷயம் எதுவும் வெளியே போடக் கூடாது, போட்டால் டீமில் இடமில்லை’ என்று சொல்லிவிட்டது. நான் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. ஓசூரிலிருந்து வரும் பஸ் சார்ஜ்கூட என் காசு. சம்பளம் தராதவர்கள் என் வாயைப் பூட்டலாமா? அயர்லாந்தில் சம்பளம் இல்லாமல் ஆடுகிற கேலிக் ஃபுட்பால் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அங்கே ஆட்டக்காரர்கள் இப்படி வெளியில் பேசுகிறார்களா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், காரிமங்கலம் வட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் மூன்று பக்கம். சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நடுவரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த போனஸ். கோட்டைத் தொட்டால் போனஸ் கிடையாது, தாண்ட வேண்டும். தாண்டிய கால் ஊன்றும்போது பின்னங்கால் தரையில் இருக்கக் கூடாது. எதிரே ஆறு பேராவது நிற்க வேண்டும். ‘தொட்டேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருடம் பாடிப் போனவர் கை தவறி எழுதினீர்களோ, மனசு தவறாமல் எழுதினீர்களோ, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அயர்லாந்து. 2023 கோடையில் மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்தேன். மகள் அங்கே நர்ஸ். மீத் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நாவன் என்று ஒரு ஊர். டப்ளினிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நமக்கு தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற தூரம். அங்கே ஞாயிறு என்றால் ஊர் கிளப்பின் ஆட்டம்தான். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மைதான ஓரம் நின்று பார்த்தேன். அந்த மழையில் நம் பையன்கள் மாட்டைக்கூட வெளியே கட்ட மாட்டார்கள். அன்று கோல்கீப்பர் ஒரு சுலபமான பந்தை விட்டுவிட்டார், அணி தோற்றது. செவ்வாய்க்கிழமை மகள் வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க வந்தவரைப் பார்த்தால் அதே கோல்கீப்பர். மகள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ‘பந்து வழுக்கிவிட்டதா?’ என்று கேட்டாள். ‘மழை’ என்றார், ஸ்பேனரைக் கீழே வைக்காமல்.

சம்பளம் வாங்காமல் ஆடுகிறவன் நிலைமை இதுதான் தம்பி. காசுக்கு ஆடுகிறவன் தோற்றால் பங்களா கேட்டைச் சாத்திக்கொள்ளலாம், பதில் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளலாம். இவர் தோற்றால் மறுநாள் தெருவில் எல்லார் வீட்டுத் தொட்டியும் இவருக்காகக் காத்திருக்கும்.

அந்த ஆட்டத்தை நடத்துகிற சங்கம் 1884 நவம்பர் 1ஆம் தேதி தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், சுருக்கமாக ஜி.ஏ.ஏ. என்பார்கள். டப்ளினில் அவர்களுடைய குரோக் பார்க் மைதானத்தில் 82,300 பேர் ஆட்டம் பார்க்கலாம். நான் இருந்த வருடம் ஜூலை 30ஆம் தேதி இறுதி ஆட்டம், டப்ளினும் கெர்ரியும். மாப்பிள்ளையோடு டிவியில் பார்த்தேன். டப்ளின் இரண்டு புள்ளியில் ஜெயித்தது. அவ்வளவு கூட்டம், அவ்வளவு டிக்கெட் காசு, ஆடின பையன்களுக்குச் சம்பளம் இல்லை. கொண்டாட்டம் முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் கட்டட வேலைக்கும் திரும்பிப் போகிறார்கள். இன்னொன்று, அங்கே ஆளை விலைக்கு வாங்குகிற சந்தை கிடையாது. பிறந்து வளர்ந்த ஊர் கிளப், அதற்கு மேலே சொந்தக் கவுண்டி. கோபித்துக்கொண்டு பக்கத்துக் கவுண்டிக்குத் தாவுவது லேசான காரியமல்ல. (நம் பக்கம் மின்னொளி போட்டிக்கு ‘கெஸ்ட் பிளேயர்’ என்று சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் இறக்குகிறோமே, அது அங்கே நடக்காது. நாம் காசில்லாமல் ஆடுகிறோம் என்று நெஞ்சு நிமிர்த்துவதிலும் கொஞ்சம் பொய் இருக்கிறது.)

வாய்ப்பூட்டு அங்கேயும் உண்டு. பெரிய ஆட்டத்துக்கு முன்னால் பத்திரிகைக்காரர்களிடம் பேசாதே என்று சொல்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். எதிரணியைப் பற்றி எவனாவது வாய்விட்டு ஒன்று சொன்னால், அதை வெட்டி எதிரணியின் உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவிடுவார்களே என்ற பயம். டொனிகால் கவுண்டியில் கெவின் காசிடி என்று ஒரு ஆட்டக்காரர். 2011இல் கில்டேருக்கு எதிரான காலிறுதி, கூடுதல் நேரம் போய்க்கொண்டிருந்தது. வெகு தூரத்திலிருந்து உதைத்து வெற்றிப் புள்ளி எடுத்துக் கொடுத்தார். அதே வருடம் நவம்பரில் அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். செய்த தப்பு, அந்த சீசனைப் பற்றி வந்த ஒரு புத்தகத்துக்குப் பேசியது. அடுத்த வருடம், 2012 செப்டம்பரில், டொனிகால் மேயோவைத் தோற்கடித்து அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் காசிடி இல்லை. ஜெயித்த அன்று பத்திரிகையாளர் சந்திப்பில், அந்தப் புத்தகத்தை எழுதியவர் அறையை விட்டுப் போனால்தான் பேசுவேன் என்று பயிற்சியாளர் ஜிம் மெக்கின்னஸ் உட்கார்ந்துவிட்டார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு கோபமா என்று எனக்கு ஆச்சரியம்தான். நான் அந்தப் பயிற்சியாளராக இருந்திருந்தால் காசிடியை ஒரு ஆட்டம் உட்கார வைத்திருப்பேன். ஒரு ஆட்டம். அதற்கு மேல் போகிறதற்குச் சம்பளம் தராதவனுக்கு உரிமை இல்லை.

அந்த ஒரு ஆட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆட்டத்துக்கு முன் ஏழு பேரும் தோள்மேல் கைபோட்டு வட்டமாக நின்று பேசிக்கொள்வீர்களே, அந்தப் பேச்சு ஏழு பேருக்கும் சொந்தம். யாருக்கு முழங்கால் வலி, எந்தக் கார்னரை முதலில் இழுக்கப் போகிறோம், கேப்டன் யாரைத் திட்டினான், இதெல்லாம் ஒருவர் எடுத்து வெளியே வைக்கிற சரக்கு அல்ல. உங்கள் கமிட்டி இந்த அளவுக்குச் சொல்லியிருந்தால் நான் அவர்கள் பக்கம். ‘எதுவும் போடக் கூடாது’ என்றார்கள் பாருங்கள், அங்கேதான் அவர்களுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. உங்கள் கால், உங்கள் பஸ் சார்ஜ், உங்கள் ராத்திரித் தூக்கம். அதைப் பற்றிப் பேச யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பேசினால் என்ன நன்மை என்பதற்கும் அதே நாட்டில் ஆள் இருக்கிறது. கானர் குசாக் என்று கார்க் கவுண்டிக்காரர். ஃபுட்பால் அல்ல, அதே சங்கம் நடத்துகிற மட்டை ஆட்டமான ஹர்லிங் ஆடியவர். 2013 அக்டோபரில், தான் மன அழுத்தத்தில் செத்துப் பிழைத்த கதையை இணையத்தில் தானே எழுதிப் போட்டார். அந்த நாடே படித்தது, டிவிக்குக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ ஆண்கள் அதற்கப்புறம் வாய் திறந்தார்கள் என்று மகள் ஆஸ்பத்திரியில் கேட்டுவந்து சொல்வாள். அவர் அதை எழுதக் கமிட்டி அனுமதி வாங்கியிருந்தால் இன்னும் கமிட்டி கூடிக்கொண்டுதான் இருக்கும்.

அவர் பேசியது தன்னைப் பற்றி. நீங்கள் பேசியது நடுவரைப் பற்றி. காசு வாங்கிவிட்டார் என்றீர்கள். பார்த்தீர்களா? கொடுத்தவன் யார், எவ்வளவு? கையில் ஒன்றும் இல்லாமல் சொன்னால் அதற்குப் பெயர் அவதூறு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்பார்கள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. இரண்டு வருடம் வரை ஜெயில் உண்டு. அந்த நடுவரும் உங்களை மாதிரிதான், சாப்பாடும் பெட்ரோல் காசும் வாங்கிக்கொண்டு விடிய விடிய விசில் ஊதுகிறவர். காலையில் அவர் பெண்டாட்டி அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்.

கமென்ட் விஷயம் அதைவிடப் பெரிசு. ‘உங்க ஊர்க்காரனுங்களே இப்படித்தான்’ என்று எழுதினீர்களாம், தெருப் பேரையும் போட்டு. நம் மாவட்டத்தில் தெருப் பேர் வெறும் தெருப் பேர் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் ஒரு போனஸ் புள்ளிக்காக எழுதினதை, ஆட்டத்தையே பார்க்காத ஒருவன் வேறு கணக்கில் படிப்பான். அந்த வரியை இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் அழித்துவிடுங்கள். அப்புறம் மீதி.

லைவையும் எடுங்கள். கமிட்டி மிரட்டியதால் என்று நினைக்க வேண்டாம். எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். ‘நடுவர் காசு வாங்கினார் என்று நான் சொன்னது தப்பு, போனஸ் விஷயத்தில் என் எண்ணம் வேறு’ என்று இரண்டு வரி போடுங்கள். கைப்பட எழுதிப் போடுங்கள், லைவ் வேண்டாம். லைவில் உங்களுக்கு வாய் முந்துகிறது.

சரி, கடைசிப் பக்கம். போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பது இது: ராத்திரி 9 மணிக்கு என்று பேனர் போட்டு, அரையிறுதி தொடங்கியது 2 மணிக்கு. மண்ணைச் சலிக்காமல் கோடு போட்டிருந்தார்கள், கோர்ட்டில் ஜல்லி. ஓரத்தில் ஒரு ஐஸ் பாக்கெட் கிடையாது. முந்தின ஆட்டத்தில் முழங்கால் திரும்பிவிட்ட பையனை, இரண்டு பேர் நடுவில் பைக்கில் உட்கார வைத்து தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். பரிசு மேடைக்கு மட்டும் நாற்பது விளக்கு.

இதை ஏன் லைவில் சொல்லவில்லை தம்பி? 50 நிமிட லைவில் ஜல்லிக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லையா? சம்பளம் வாங்கும் ஆட்டக்காரனுக்குக் கான்ட்ராக்ட் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, பேச ஏஜென்ட் இருக்கிறான். உங்களுக்கு இருப்பது அந்த போன் ஒன்றுதான். அயர்லாந்து ஆட்டக்காரர்கள் 1999இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள், ஜி.பி.ஏ. (கேலிக் பிளேயர்ஸ் அசோசியேஷன்) என்று. பத்து வருடம் கழித்து 2009இல்தான் பெரிய சங்கம் அதை முறையாக ஏற்றுக்கொண்டது. பத்து வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்து ஏற்க வைக்கவில்லை. உங்கள் வட்டாரத்தில் நாலு டீம் கேப்டன்கள் சேர்ந்து, முதலுதவிப் பெட்டியும் ஒரு வண்டியும் இல்லாத போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்ட மாட்டோம் என்று ஒரு போஸ்ட் போடுங்கள். அதற்கு உங்கள் கமிட்டி தடை சொன்னால் எனக்கு எழுதுங்கள், நேரிலேயே வருகிறேன். காரிமங்கலம் ஒன்றும் தூரமில்லை.

ஓசூர் வேலையையும் மறக்காதீர்கள். காண்ட்ராக்ட் ஆளைப் புதுப்பிப்பதற்கு முன்னால் ஃபேஸ்புக்கைத் திறந்து பார்க்கிற கம்பெனிகள் இருக்கின்றன. ராத்திரி 3 மணிக்குக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற வீடியோதான் அங்கே முதலில் நிற்கிறது.

கேள்வி: கேலிக் ஃபுட்பாலில் உண்மையிலேயே காசே கிடையாதா? அப்படியென்றால் ஏன் ஆடுகிறார்கள்? ஆட்டம் எப்படி இருக்கும்?
— ஒரு கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: சம்பளம் கிடையாது. கவுண்டி அணிக்கு ஆடுகிறவர்களுக்குப் பயணப்படி உண்டு, அரசாங்கம் தருகிற சிறு உதவித்தொகை உண்டு. விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கத் தடையில்லை. அதனால் பெரிய பேர் எடுத்த சிலர் இன்ஸ்டாகிராமில் ஷூவும் புரோட்டீன் பவுடரும் காட்டுகிறார்கள். அதற்கு மட்டும் எந்தப் பயிற்சியாளரும் வாய்ப்பூட்டு போட்டதாகக் கேள்விப்படவில்லை!

ஆட்டம், கையும் காலும் கலந்தது. பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் பிடித்து ஓடலாம், ஆனால் நாலு அடிக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தரையில் ஒருமுறை தட்ட வேண்டும், இல்லையென்றால் கால் நுனியில் உதைத்துக் கைக்கே திருப்பிக்கொள்ள வேண்டும். கோல்கம்பம் ஏணியை நட்டுவைத்த மாதிரி, குறுக்குக் கட்டைக்கு மேலேயும் கம்பம் நீளும். கட்டைக்குக் கீழே வலையில் போனால் 3 புள்ளி, மேலே போனால் 1. 2025இலிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே போட்டால் 2. மூச்சு வாங்காமல் பார்க்க முடியாது.

ஏன் ஆடுகிறார்கள் என்று மாப்பிள்ளையிடம் நானும் கேட்டேன். ‘உங்க ஊர்ல மாரியம்மன் பண்டிகைக்கு யாராச்சும் சம்பளம் வாங்கிட்டா மாமா தீ மிதிக்கிறாங்க?’ என்றார். மாப்பிள்ளை எப்போதாவதுதான் பேசுவார்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி வாலிபால் டீமில் ஆடுகிறாள். பிராக்டிஸ் வீடியோவை ரீல்ஸ் போடுகிறாள். ஷார்ட்ஸ் போட்டு ஆடுவதைப் பற்றிக் கமென்டில் கண்டபடி எழுதுகிறார்கள். சொந்தக்காரர்கள் போன் செய்து, ‘ஆடட்டும், வெளியே போட வேண்டாம்’ என்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, எழுதினவன் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்குப் பேரும் இருக்காது, முகமும் இருக்காது. பேர் இல்லாதவன் சொன்னான் என்று பேர் உள்ள பெண்ணை ஏன் மைதானத்திலிருந்து இறக்க வேண்டும்?

உடை விஷயத்தில் அயர்லாந்திலேயே 2025 வரை கூத்து நடந்தது என்றால் நம்புவீர்களா? ஹர்லிங் ஆட்டத்தைப் பெண்கள் ஆடினால் அதற்கு கமோகி என்று பேர். அதில் பாவாடை மாதிரி முன்பக்கம் மூடிய ‘ஸ்கார்ட்’ என்ற உடையைத்தான் போட வேண்டும் என்று விதி. 2025 மே மாதம் டப்ளின், கில்கென்னி இரண்டு அணிப் பெண்களும் ஒரு அரையிறுதிக்கு ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மாற்றாவிட்டால் ஆட்டம் இல்லை என்றார் நடுவர். மாற்றிக்கொண்டுதான் ஆடினார்கள். அப்புறம் டப்ளின் கேப்டன் அஷ்லிங் மாஹர் இன்ஸ்டாகிராமில் எழுதினார். எதிரணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நடுவரையும் இழுக்கவில்லை. இந்த விதி எங்களுக்கு எவ்வளவு இடைஞ்சல், எவ்வளவு அலுப்பு என்று எழுதினார், அவ்வளவுதான். பற்றிக்கொண்டது. அதே மாதம் 22ஆம் தேதி சிறப்பு மாநாடு கூட்டி ஓட்டுப் போட்டார்கள். 98 சதவீதம் பேர், ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று கை தூக்கினார்கள். பல வருடமாக நகராத விதி மூன்று வாரத்தில் நகர்ந்தது.

நான் பள்ளியில் சேர்ந்த புதிதில் பாவாடை சட்டையோடு கோகோ ஆடவிட்டவன்தான். ஒரு பெண் பாவாடை தடுக்கி விழுந்து முன்பல் உடைந்தது. மறுநாள் ஷார்ட்ஸ் வாங்கச் சொன்னேன். தாய்மார்கள் நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். பல் உடைந்த பெண்ணின் தாயார் மட்டும் வரவில்லை.

உங்கள் மகளுக்கு வயது குறைவு, அதனால் சில காரியம் நீங்கள் செய்யுங்கள். அக்கவுண்டைப் பிரைவேட்டில் வையுங்கள், தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கட்டும். பள்ளிப் பெயர், யூனிஃபார்ம் பேட்ஜ், தினமும் போகிற வழி வீடியோவில் தெரிய வேண்டாம். கேவலமாக எழுதியதை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். மிரட்டலாக, ஆபாசமாக இருந்தால் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள், குழந்தைகளுக்கான 1098க்கும் பேசலாம். டீமில் இருக்கும் மற்ற பெண்கள் முகம் தெரிகிற வீடியோவை அவர்களைக் கேட்காமல் போடக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள், பக்கத்து வீட்டில் அந்தப் பெண் அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பாள்.

சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மகளை ஜெர்சியோடு அழைத்துப் போய்ப் பாருங்கள். நாலு பிள்ளைகள் சுற்றி நிற்கும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சோசியல் மீடியா பற்றிச் சொல்கிறீர்கள். நீங்கள் ஃபேஸ்புக்கில் இல்லை, எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வாட்ஸ்அப் குரூப்பில்கூட இல்லை. ஏன்?
— ஒரு பழைய மாணவர், இப்போது பி.டி. மாஸ்டர், அரூர்

பதில்: இருந்தேனப்பா. குரூப் ஆரம்பித்தவர்களில் நானும் ஒருவன்.

2017. பள்ளி மாணவர்களுக்கான ஒரு கபடித் தேர்வு. எந்தத் தேர்வு என்பது வேண்டாம். என் பையன் ஒருவன் போயிருந்தான். லெஃப்ட் கார்னர். கணுக்காலைப் பிடித்தான் என்றால் உடும்புப் பிடி. அன்றைக்கு அவன் பிடித்த மூன்று பேருமே தேர்வானார்கள், அவன் ஆகவில்லை. ராத்திரி சாப்பிடாமல் மொட்டை மாடிக்குப் போய் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஒரு நிமிடம் நாற்பது செகண்ட். ‘மாமனார் வீட்டுப் பந்தியில மூஞ்சியப் பாத்துப் பரிமாறுற மாதிரி டீம் எடுக்கிறாங்க’ என்று ஆரம்பித்து, பையன் பேர், ஊர், அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறது, காலில் ஷூ இல்லாமல் தேர்வுக்குப் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றேன். பக்கத்தில் ஒருவர் போனில் என் குரல் கேட்டது.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 1973ஆம் வருட நடத்தை விதிகளை அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுசாகப் படித்தேன். ஒழுங்கு நடவடிக்கை சிறிய தண்டனைக்கான 17(ஏ)யா, பெரிய தண்டனைக்கான 17(பி)யா என்று வீட்டில் ஒரு மாதம் அதே பேச்சு. கடைசியில் மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்தது. எனக்கு முடிந்தது. பையனுக்கு முடியவில்லை. பள்ளியில் அவனைக் கண்டவனெல்லாம் ‘ஷூ இல்லாதவன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்த வருடத் தேர்வுக்கு அவனைக் கூப்பிட்டேன். ‘வேணாம் சார்’ என்றான். அதோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வண்டி ஓட்டப் போய்விட்டான். நான் குரூப்பை விட்டு வந்துவிட்டேன். மேலே காரிமங்கலம் தம்பிக்கு இவ்வளவு கண்டிப்பாக எழுதினேன் என்றால் அந்த ஒரு நிமிடம் நாற்பது செகண்டை மனசில் வைத்துத்தான்.

போன மாதம் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் அவனைப் பார்த்தேன். மினி லாரி, சொந்த வண்டி. தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். எட்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். ‘என்னால உனக்குக் கெட்ட பேருடா. பேரைச் சொல்லாம பேசியிருக்கணும்.’

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். ‘அந்த வாய்ஸ் இன்னும் எங்கிட்ட இருக்குது சார்’ என்றான். ‘போன் மூணு மாத்திட்டேன். ஒவ்வொரு வாட்டியும் அதை மட்டும் மாத்தி ஏத்திக்குவேன். என்னைப் பத்தி யாரும் அவ்வளவு நேரம் பேசுனதில்ல.’

போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டான். மார்க்கெட்டில் ஏலம் கூவுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் காசு வாங்கவில்லை.